விருந்தினர் காணாத வடகரை

வெளியூரிலிருந்து நண்பர் ஒருவர் சென்னைக்கு வந்தால், அவரை எங்கே அழைத்துச் செல்வது என்று எந்த வீட்டிலும் நெடுநேரம் ஆலோசிப்பதில்லை. முதல்நாள் மாலை மெரினாக் கடற்கரை. மறுநாள் காலை மயிலைக் கபாலீசுவரர் கோயிலும் சாந்தோம் தேவாலயமும். நேரமிருப்பின் அடையாற்று ஆலமரம். மூன்றாம் நாள் மாமல்லபுரம். வந்தவர் கவிஞராயின் திருவல்லிக்கேணியில் பாரதியார் வாழ்ந்த இல்லமும் பட்டியலில் சேரும். நகரின் வரைபடத்தில் இவ்விடங்களை ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால், அக்கோடு செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அருகே தொடங்கித் தெற்கு நோக்கியே செல்வதைக் காணலாம். கோட்டைக்கு வடக்கே ஒரு புள்ளியும் விழுவதில்லை. இலக்கிய அமைப்புகளின் விருந்தோம்பலும் இதற்கு விலக்கன்று. அயலூர்ப் புலவரை வரவேற்கும் எந்தக் கழகமும் அவரைப் படம் எடுத்துக்கொள்ள நிறுத்துமிடம் மெரினாவின் சிலைவரிசையே ஆகும்.

இந்தத் தென்திசைப் பழக்கம் தொன்றுதொட்டு வந்ததென்றே பலரும் கருதுவர். அவ்வாறு கருதுவதற்குக் காரணமும் உண்டு. மயிலையும் மல்லையும் பேயாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பிறந்த ஊர்கள் எனப் போற்றப்படுவன. திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடியுள்ளார். தெற்கே காட்டுவதற்குப் பொருள் நிறைய இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வடகரை விருந்தினரின் கண்ணுக்கு எட்டாமற் போனது அண்மைக்காலச் செய்தி. அது நிகழ்ந்த விதம் மணலோடும் அலையோடும் தொடர்புடையது. கவிதையின் வரலாற்றோடும் தொடர்புடையது.

கோட்டை எழுந்த காலத்திலிருந்து தொடங்கலாம். 1639ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியார் மதராசபட்டினத்தில் இடம்பெற்றபோது அங்கே துறைமுகம் ஏதும் இல்லை. திறந்த கரையும் ஓயாத அலையுமே இருந்தன. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளையும் சரக்கையும் மசூலாப் படகுகள் கரைசேர்க்கும். ஆணி அறையாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். செய்தி கொண்டு செல்வதற்குக் கட்டுமரம் இருந்தது. ஆங்கில அகராதியில் இடம்பெற்ற தமிழ்ச் சொற்களுள் கட்டுமரம் புகழ்பெற்றது; அச்சொல் கப்பலேறியது இது போன்ற கரைகளிலிருந்துதான். கடைசி அலையைத் தாண்டியதும் படகுக்காரர்களின் தோளில் ஏறிக் கரையிறங்கிய அயல்நாட்டார் பலர், நகரைப் பற்றி எழுதத் தொடங்கும்போது அந்த நனைந்த வரவேற்பையே முதலில் எழுதினர். ஆளுநராய் இருந்தாலும் எழுத்தராய் இருந்தாலும் சென்னை தன் விருந்தினரை முதலில் உப்புநீரில் நனைத்தே ஏற்றுக்கொண்டது.

அக்காலத்தில் கோட்டையின் கீழைச் சுவருக்கு அருகிலேயே அலை அடித்தது. இன்று மெரினா என்று பெயர்பெற்ற அகன்ற மணல்வெளி அன்று இல்லை. ஆதலின் வந்தவரைக் கடற்கரைக் காட்சிக்குத் தெற்கே அழைத்துச் செல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. கோட்டைக்கு வடக்கே நெசவாளரும் வணிகரும் துபாசிகளும் வாழ்ந்த தமிழ், தெலுங்கு நகரம் விரிந்திருந்தது. செல்வமும் கலையும் அங்கே இருந்தன. வடக்கு நோக்கிச் செல்லும் சாலையில் இன்றும் காலடிப்பேட்டை என்றொரு பகுதி உள்ளது. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த காலட் என்பார் நெசவாளர்க்காக அமைத்த பேட்டை அது. காலட்பேட்டை என்பதை மக்கள் நாவு காலடிப்பேட்டை ஆக்கிக்கொண்டது. ஆளுநரின் பெயர் காலடியாய் மாறியதை வேண்டுமென்றே செய்த குறும்பு என்று சொல்லச் சான்றில்லை.

1800ஆம் ஆண்டையொட்டி வடமொழியில் எழுதப்பட்ட ‘சர்வதேவ விலாசம்’ என்னும் நூல் இக்காலத்துச் சென்னையை அறியப் பெரிதும் உதவுகிறது. ஆசிரியர் பெயர் தெரியாத இந்நூலில் புலவர் இருவர் நகரைச் சுற்றி வருகின்றனர். வள்ளல்களின் தோட்டங்களையும் இசையரங்குகளையும் கோயில் விழாக்களையும் கண்டு அளவளாவுகின்றனர். நண்பர்க்கு ஊர் காட்டும் இலக்கியம் என்று இதனைக் கூறின் மிகையாகாது. ஆற்றுப்படையின் தொலைதூர உறவினன் என்றும் கூறலாம். ஆற்றுப்படைப் பாணனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியே முக்கியம், இவ்விருவருக்கோ ஊரே முக்கியம். இந்நூலை 1950களில் பதிப்பித்து வெளிப்படுத்தியவர் பேராசிரியர் வே. இராகவன்.

அவ்வள்ளல் குடும்பங்களுள் மணலி முதலியார் குடும்பம் குறிப்பிடத்தக்கது. முத்துகிருஷ்ண முதலியாரின் அழைப்பை ஏற்று இராமசாமி தீட்சிதர் தம் குடும்பத்தோடு மணலியில் வந்து தங்கினார். அவர் மகன் முத்துசாமி தீட்சிதர் இளமையைக் கழித்தது அங்கேதான். இளைய மகன் பாலுசாமி, கோட்டையில் ஒலித்த ஐரோப்பிய இசையில் ஈடுபட்டு வயலின் கற்றதும், அக்கருவி கருநாடக இசைக்குள் புகுந்ததும் இத்தொடர்பின் விளைவு என்பர். மணலி என்ற பெயரைக் கேட்டவுடன் இன்று எவருக்கும் தீட்சிதர் நினைவுக்கு வருவதில்லை. 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையே நினைவுக்கு வருகிறது.

பின்னர்த் திருவையாற்றுத் தியாகராசர் சென்னைக்கு விருந்தாக வந்தார். கோவூர் சுந்தரேச முதலியார் பந்தர் தெருவில் அவரைத் தம் இல்லத்தில் வைத்துப் போற்றினார். மாணவராகிய வீணை குப்பய்யரும் உடனிருந்தார். முதுமை எய்திய, யாத்திரையை அதிகம் விரும்பாத அப்பெரியவரை அவர்கள் அழைத்துச் சென்ற இடங்களுள் திருவொற்றியூர் தலையாயது. அங்கே அம்மை திரிபுரசுந்தரிமீது அவர் ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். தென்கரையில் அன்று கபாலீசுவரர் கோயிலும் பார்த்தசாரதி கோயிலும் இல்லாமலில்லை. இருந்தும், இசைவாணர் உலகம் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்றொரு தொகுதியைப் பெற்றது, விருந்து கொடுத்தவர்களின் வண்டி வடக்கே திரும்பியதனால்தான்.

ஐரோப்பியரும் வடக்கே சென்றனர். எண்ணூர்க் கழிக்கரை அவர்களுக்கு ஓய்விடமாக விளங்கியது. பேசில் காக்ரேன் 1806இல் வெட்டத் தொடங்கிய கால்வாயும் முதலில் எண்ணூரை நோக்கியே வெட்டப்பட்டது. பின்னர் இருபுறமும் நீண்டு, 1877-78 பஞ்சகால வேலைகளால் இணைந்து, பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்றது. அதில் படகேறித் தெற்கே மாமல்லபுரம் செல்லும் வழக்கம் பெருகியது. மல்லைக்குச் சென்று எழுதிய ஐரோப்பியர் அதற்கு முன்பும் உண்டு. 1772இலும் 1776இலும் அங்குச் சென்ற வில்லியம் சேம்பர்சின் கட்டுரை 1788இல் அச்சாயிற்று. மரியா கிரகாமின் நூல் 1812இல் வந்தது. கடல்கொண்ட ஏழு கோபுரங்களின் கதை இலண்டன் வரை பரவிற்று. கடலுக்கடியில் மறைந்ததைத் தேடிச் சென்ற அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததையும் ஓரளவு எழுதிவைத்தனர் என்பது நல்லூழே.

வடகரையின் நடுநாயகம் திருவொற்றியூர். மூவராலும் பாடப்பெற்ற பதி அது. அவ்வூரின் கல்வெட்டுகளும் மரபுக் கதைகளும் கவிஞர்க்கு உரியவை. இத்துணைக் கவிதைச் செல்வம் ஒரே கடற்கரையில் சேர்ந்த இடம் தொண்டை மண்டலத்தில் அரிது.

சுந்தரரின் கதை யாவரும் அறிந்தது. விருந்தாக வந்த கவிஞர் அவர். வந்த ஊரிற் சங்கிலியாரைக் கண்டார், மணக்க விரும்பினார், பிரியமாட்டேன் என்று இறைவன் திருமுன் சூளுரைக்க வேண்டியதாயிற்று. சூளுரைக்கும் பொழுதுமட்டும் கருவறையை விட்டு மகிழமரத்தடியில் இருக்குமாறு இறைவனையே வேண்டிக்கொண்டார் அந்தப் புலவர். இறைவனோ சங்கிலியாரின் கனவிற்சென்று, சூளுறவை மகிழடியிலேயே வாங்கிக்கொள்க என்று சொல்லிவிட்டான். பின்னர் ஆரூர் வசந்தவிழா நினைவு வர, சுந்தரர் ஊரெல்லையைத் தாண்டினார், கண்ணொளி போயிற்று. சேக்கிழார் இதனை விரித்துரைக்கிறார். தேவாரத்தில் பார்வை வேண்டி உருகும் பாட்டுகள் பிறந்த வரலாறு இது. விருந்தினர்க்கு ஊர் காட்டியவர்கள் அனைவரிலும் பெரிய விலை கேட்ட ஊர் திருவொற்றியூர் என்று சொல்லலாம். மகிழடி சேவை என்னும் விழா மாசித் திங்களில் அங்கு இன்றும் நடைபெறுகிறது.

இக்கதை கோயிலுக்குள் வெறும் நினைவாக மட்டும் நிற்கவில்லை. இரண்டாம் இராசாதிராசனின் காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பங்குனி உத்தரத் திருநாளில் இறைவன் மகிழமரத்தடியில் எழுந்தருளியிருக்க, ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணம் வாசிக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு குறிக்கிறது. அரசன் கேட்டான்; சதுரானன பண்டிதரும் வாகீச பண்டிதரும் உடனிருந்து கேட்டனர். தமிழகத்தில் ஒரு நூல் ஒருநாள் ஓரிடத்தில் ஒரு கூட்டத்தின்முன் படிக்கப்பட்டது என்பதற்கு இத்துணைத் தெளிவான பழஞ்சான்று எளிதிற் கிடைப்பதன்று. கேட்டவர் பெயர், நாள், மரம் எல்லாம் கல்லில் உள. அதே கோயிலில் இலக்கணம் கற்பிப்பதற்கென வியாகரணதான மண்டபம் என்றொரு மண்டபமும் இருந்தது. இறைவன் பாணினிக்கு இலக்கணம் அருளியதை அம்மண்டபத்தோடு இணைத்துப் பேசும் மரபும் உண்டு. பாணினி தெற்கே வந்தாரோ இல்லையோ, இலக்கண ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அங்கே இடமிருந்தது என்பதைக் கல் உறுதிப்படுத்துகிறது.

சதுரானன பண்டிதர் என்பது மடத்தலைவர்களின் பட்டப்பெயர். அப்பெயரை முதலில் ஏற்றவரின் வரலாறு தனியே ஒரு காப்பியத்துக்கு உரியது. வல்லபன் என்னும் பெயருடைய அவர் கேரளத்தில் பிறந்தவர். கலைகளெல்லாம் கற்றுச் சோழநாட்டுக்கு வந்தவர். முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தனுக்கு உற்ற நண்பரானார். 949ஆம் ஆண்டு தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனோடு நிகழ்ந்த போரில் இராசாதித்தன் யானைமேலிருந்தபடியே வீழ்ந்தான். நண்பர் அப்போது களத்தில் இல்லை. உடனிருந்து சாகும் பேறு தமக்குக் கிட்டவில்லையே என்ற வருத்தத்தில் அவர் உலகைத் துறந்து கங்கையில் நீராடினார். பின் திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் தீக்கை பெற்று அம்மடத்திலேயே தங்கிவிட்டார். இவற்றைச் சொல்லும் கல்வெட்டையும் ஆராய்ந்து வெளியிட்டவர் முற்கூறிய வே. இராகவனே. அக்கல்வெட்டில் நெஞ்சைத் தைக்கும் ஒரு செய்தி உண்டு. அது மூன்றாம் கிருட்டிணனின் ஆட்சியாண்டால் காலங் குறிக்கப்பட்டது. நண்பனைக் கொன்ற வேந்தனின் ஆண்டுக் கணக்கிலேயே, நண்பனுக்காகத் துறவு பூண்டவர் தம் அறக்கொடையைப் பொறிக்க வேண்டியிருந்தது. கல்வெட்டு அதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை. அரசு மாறினால் ஆண்டுக்கணக்கும் மாறும் என்பது அக்கால நடைமுறை. ஆயினும் அக்கல்லை எழுதச் சொன்னவரின் உள்ளம் அந்த முதல்வரியை எவ்வாறு கடந்தது என்பதைக் கவிஞர்கள் எண்ணிப்பார்க்கலாம். பின்னர் இராசேந்திர சோழன் காலத்தில், அம்மரபில் வந்த மற்றொரு சதுரானன பண்டிதரின் முயற்சியால், இரவி என்னும் வீரசோழத் தச்சன் கருவறை விமானத்தைக் கருங்கல்லால் எடுப்பித்தான். தூங்கானை மாட வடிவிலான அவ்விமானம் இன்றும் நிற்கிறது.

பட்டினத்தடிகள் தம் இறுதிநாளைக் கழித்ததும் இக்கரையிலேயே. கையிலேந்திய பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே தமக்கு முத்தி என்று அறிந்து ஊர்தோறும் அலைந்தவர்க்கு அது இங்கே இனித்தது. கடற்கரைச் சிறுவர்களோடு மணலில் விளையாடி, கூடையால் தம்மை மூடச் சொல்லி, மறைந்து இலிங்கமானார் என்பது மரபு. அடக்கமான இடம் கோயிலாக உள்ளது. பட்டினத்தாரின் பாடல்களை வெறுப்பின் குரல் என்று சொல்லி ஒதுக்குவோர் அவர் முடிவு விளையாட்டில் நிகழ்ந்ததாக ஊரார் நினைவு வைத்திருப்பதையும் கருத்திற் கொள்ளவேண்டும்.

வள்ளலாரோ இவ்வூரின் நாள்தோறும் வந்த விருந்தினர். 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்கர் குழந்தையாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். ஏழுகிணற்றுப் பகுதியில் வீராசாமிப் பிள்ளை தெருவில் வளர்ந்தார். கந்தகோட்டத்தில் பாடத் தொடங்கிய அவரது கால்கள் விரைவில் ஒற்றியூர்ச் சாலைக்குப் பழகின. 1858ஐயொட்டிச் சென்னையை நீங்கும்வரை அவ்வழியில் நடந்தார். 1867இல் அச்சான திருவருட்பாவில் ஒற்றியூர்த் தியாகேசரையும் வடிவுடையம்மையையும் பற்றிய பாடல்கள் பெருந்தொகையானவை. சென்னை நகரம் ஈன்ற கவிதை என்று எதையேனும் சுட்டவேண்டுமெனில், இந்த நடையிற் பிறந்த பாடல்களையே முதலில் சுட்டவேண்டும். வடலூரின் பெருமை அவற்றைச் சற்றே மறைத்துவிட்டது.

வள்ளலார் நகரை விட்டு நீங்கிய காலத்தில் வடகரையின் உருவம் மாறத் தொடங்கியிருந்தது. 1856ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் இராயபுரம் நிலையம் திறக்கப்பட்டது. சூலை 1ஆம் நாள் ஆர்க்காடு நோக்கித் தென்னிந்தியாவின் முதற் பயணிகள் இரயில் புறப்பட்டது. அந்நிலையக் கட்டடம் இன்றும் உள்ளது. ஆனால் கரையின் ஊழை எழுதியது இரயிலன்று. துறைமுகமே எழுதியது. பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு மன்னராக முடிசூடிய வேல்சு இளவரசர் 1875 டிசம்பரில் அடிக்கல் நாட்ட, இரு கற்கரங்கள் கடலுக்குள் நீண்டன. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கிழக்கு நோக்கியிருந்த வாயிலை மணல் தூர்த்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிசு இசுபிரிங் தலைமையில் வாயில் வடகிழக்குக்கு மாற்றப்பட்டது.

சோழமண்டலக் கரையில் மணல் நிலையாக நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் அதனைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் திசை மாறும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே மிகுதி. இந்த மணலாற்றின் குறுக்கே துறைமுகக் கற்கரங்கள் நின்றன. வரும் மணல் அவற்றின் தென்புறத்தே தேங்கியது. வடபுறக் கரைக்குச் சேரவேண்டியது சேரவில்லை. தெற்கே கரை ஆண்டுதோறும் அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கடல் நிலத்தைத் தின்றது. மெரினாவின் மணல் இயற்கையின் கொடை என்று எழுதும் கவிஞர் பலர். அதன் ஒரு பெரும்பகுதி திருவொற்றியூரும் அதன் அண்டைக் குப்பங்களும் பெற்றிருக்கவேண்டிய மணல்.

1881 முதல் 1886 வரை ஆளுநராயிருந்த கிராண்ட் டப் இந்தப் புதுக்கரையை அழகுபடுத்தி உலாச்சாலை அமைத்தார். மெரினா என்ற இத்தாலியப் பெயரைச் சூட்டினார். அன்றுமுதல் விருந்தினரின் வண்டி தெற்கே திரும்பியது. அச்சாலையோரம் இருந்த பழைய பனிக்கட்டிக் கிடங்கில் 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கினார். மணல்வெளி விரைவில் மேடையுமாயிற்று. 1907 மே மாதத்தில் விபின் சந்திர பாலர் அங்கே பேசினார். அவரைச் சென்னைக்கு வரவழைத்ததிற் பாரதியாருக்குப் பங்குண்டு. 1923 மே முதல்நாள் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மேதின விழாவை நடத்தியதும் இந்நகரக் கடற்கரையிலேயே. வடக்கே இழந்த மணலின்மேல் தெற்கே வரலாறு நடந்தது.

விருந்தினர்க்கென்றே மெரினாவை அணிசெய்த ஆண்டு 1968. அவ்வாண்டு சனவரியில், அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் கூடியது. பல நாடுகளிலிருந்து தமிழறிஞர்கள் வந்தனர். வள்ளுவர், ஔவையார், இளங்கோ, கம்பர், வீரமாமுனிவர், போப், பாரதியார், பாரதிதாசன், கண்ணகி எனச் சிலைகள் கடற்கரைச் சாலையில் எழுந்தன. நகரம் தன் கவிஞர்களை வரிசையாக நிறுத்தி வந்தவர்க்கு அறிமுகப்படுத்தியது. உயரிய எண்ணம் அது. உலகில் வேறெந்த நகரமும் தன் கடற்கரையைப் புலவர்க்கு இவ்வாறு ஒப்படைத்ததாகக் கூறமுடியுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் சிலைகளாய் நிற்போருள் பலர் அக்கரையை மிதித்தவரல்லர். மிதித்த பாரதியார் நிற்கிறார், ஓரிரு கல் வடக்கே நாள்தோறும் நடந்த வள்ளலாரோ அவ்வரிசையில் இடம்பெறவில்லை. சிலைக்கும் ஊழ் உண்டு. 2001 டிசம்பரில் கண்ணகி சிலை அகற்றப்பட்டது, தமிழறிஞர்கள் கண்டித்தனர், 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டது.

வடகரைக்கு அந்நூற்றாண்டு வேறு பொருள்களைக் கொண்டுவந்தது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சுட்ட குண்டுகளில் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. எண்ணெய் அப்போதே வடக்கே குடியேறிவிட்டது என்பதற்கு அத்தீயே சான்று. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் வந்தன. ஓய்வெடுக்க ஐரோப்பியர் தேடிவந்த கழியில் நிலக்கரிச் சாம்பல் படிந்தது. 2017 சனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் கரைநெடுகப் படர்ந்தது. தொண்டர்கள் வாளிகளால் அதை அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்சாங் புயல்வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிக்குள் புகுந்து மீனவர் வலைகளிலும் கூழைக்கடாக்களின் சிறகுகளிலும் ஒட்டியது. மின்விளக்கும் எரிபொருளும் நகரம் முழுமைக்கும் வேண்டும். அவற்றை ஆக்கித் தரும் இடத்தை மட்டும் எவரும் விருந்தினர்க்குக் காட்ட விரும்புவதில்லை. சமையலறையைக் காட்டாமல் கூடத்தில் இருத்தி உபசரிக்கும் வீட்டு வழக்கம் நகரத்துக்கும் வந்துவிட்டது.

கடலரிப்பைத் தடுக்க இராயபுரத்துக்கு வடக்கே கரைநெடுகக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. பிற்காலத்தில் கடலுக்குள் நீளும் கற்சுவர்களும் அமைக்கப்பட்டன. கல் கொட்டிய கரையில் கட்டுமரத்தை இழுத்துப்போட இடமில்லை. வலை உலர்த்த மணலில்லை. குப்பங்கள் சில மேற்கே நகர்ந்தன. கடற்கரை இருந்தும் கடற்கரை இல்லாத ஊர்களாயின அவை.

மாமல்லபுரத்தின் ஊழ் இவ்வகையில் நன்றாக இருந்தது. 1956இல் சீனப் பிரதமர் சூ என்லாய் வந்தார். 1984இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 2019 அக்டோபரில் சீனக் குடியரசுத் தலைவர் சி சின்பிங்கை இந்தியப் பிரதமர் அங்கேயே வரவேற்றார். கடற்கரைக் கோயிலையும் அலை அரித்தது. ஆனால் அங்குக் கொட்டிய கற்கள் உலகின் கண்முன்னே ஒரு கலைச்செல்வத்தைக் காத்தன. பட்டினத்தார் கோயிலுக்கு முன்னுள்ள கற்களோ எந்தப் படத்திலும் இடம்பெறுவதில்லை.

வடக்கே செல்வோர் அற்றுப்போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். முழுநிலவு நாளில் மேலூர்த் திருவுடையம்மனையும் ஒற்றியூர் வடிவுடையம்மனையும் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் ஒரேநாளில் வழிபடப் பெண்கள் பெருந்திரளாகச் செல்கின்றனர். ஊர் காட்டும் பட்டியல் எதையும் அவர்கள் படித்ததில்லை. தியாகராசரை அழைத்துச் சென்றவர்களின் வழியை மறவாமல் வைத்திருப்பவர்கள் அவர்களே.

2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டது. திருவொற்றியூர் தேரடி என்றொரு நிலையமும் உள்ளது. விருந்தினரோடு காலையில் அங்கு இறங்கினால் வெயில் ஏறுமுன் கோயிலை அடையலாம். இராசேந்திரன் காலத்து விமானத்தைச் சுற்றிவந்து, நண்பனை இழந்தவரின் கல்வெட்டு உள்ள இடத்தையும், நூல் கேட்ட அரசன் அமர்ந்திருந்த மகிழடியையும் கண்டபின் கிழக்கே திரும்பினால் பட்டினத்தடிகள் கோயில். அதற்கப்பால் சரக்குந்துகள் ஓடும் சாலை, சாலைக்கப்பால் கற்குவியல். அக்கற்களின்மேல் அமர்ந்து தூண்டில் போடுவோர் சிலர் இருப்பர். தெற்கே நோக்கினால் துறைமுகத்தின் பளுதூக்கிகள் தெரியும். மெரினாவின் மணல் அவற்றுக்கு மறுபுறத்தில் தொடங்குகிறது. மாலைக்குள் அங்கே சென்றுவிடலாம்.